டர்ஹமுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: மருந்து ஆலை வேலை, அதற்கான படிப்பு, ஊர்நடுவே சாப்பாடு

பயோடெக் படித்துவிட்டு அமெரிக்காவின் வட கரோலினாவுக்கு வரும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இங்கே எனக்கு லேப் வேலை கிடைக்குமா?” என்பதுதான். கிடைக்கலாம். ஆனால் இந்த ஊருக்குப் பொருத்தமான கேள்வி வேறு: “மருந்து தயாரிக்கும் ஆலைக்குள் நான் எந்த வாசல் வழியாக நுழையலாம்?” டர்ஹமையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் பொறுத்தவரை, ஆராய்ச்சிக் கூடங்கள் சிறு பங்குதான். ஆளெடுப்பு பெரிய அளவில் நடப்பது உற்பத்தியில். அந்த உற்பத்திக்கு ஆட்களைத் தயார்செய்ய மாநிலமே பல ஆண்டுகளாகப் பணம் போட்டுப் பயிற்சி நடத்துகிறது. இது தெரியாமல் ஓராண்டை வீணாக்கியவர்கள் நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ளுங்கள்

டர்ஹம், ராலே, சாப்பல் ஹில் மூன்றும் சேர்ந்ததுதான் ‘டிரையாங்கிள்’. டர்ஹமில் டியூக் பல்கலைக்கழகம், ராலேயில் என்.சி. ஸ்டேட், சாப்பல் ஹில்லில் யு.என்.சி. இவற்றுக்கு நடுவே 1959இல் தொடங்கிய ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் எனும் ஆய்வு நிறுவன வளாகம், சுமார் 7,000 ஏக்கர். எல்லோரும் ‘ஆர்.டி.பி.’ என்றுதான் சொல்வார்கள்.

டர்ஹம் ஒரு காலத்தில் புகையிலை ஊர். சிகரெட் ஆலைகள்தான் இந்த ஊருக்குச் சோறு போட்டன. லக்கி ஸ்ட்ரைக் தயாரித்த அமெரிக்கன் டொபாக்கோ ஆலை 1987இல் மூடப்பட்டது. அதே ஆண்டில்தான், ஆர்.டி.பி.யில் இயங்கிய பர்ரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஏ.இசட்.டி. மருந்து, எய்ட்ஸுக்கு எதிராக அமெரிக்க அரசு அனுமதித்த முதல் மருந்தாக வெளிவந்தது. மறு ஆண்டு அந்நிறுவனத்தின் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கும் முன்னால், ஆர்.டி.ஐ. ஆய்வு நிறுவனத்தில் மன்றோ வால் என்பவரோடு சேர்ந்து, மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி, யூ மரப்பட்டையிலிருந்து டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்தின் கட்டமைப்பைக் கண்டறிந்து 1971இல் வெளியிட்டார். நம் ஊர்ப் புற்றுநோய் மருத்துவமனைகளில் இன்றும் ஏற்றப்படும் பேக்லிடாக்செல் அதுதான். இங்கே வேலைக்கு வருபவர்கள் இந்த இரண்டு கதைகளையாவது தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். ஆர்.டி.பி.யில் பயோஜென், எலி லில்லி. டர்ஹமில் மெர்க்கின் தடுப்பூசி ஆலை. தென்கிழக்கே கிளேட்டனில் நோவோ நார்டிஸ்க், கிரிஃபோல்ஸ். தென்மேற்கே ஹாலி ஸ்பிரிங்ஸில் ஃப்யூஜிஃபில்ம், ஆம்ஜென், சீக்விரஸ். இன்னும் தள்ளி சான்ஃபோர்டில் ஃபைசர். நோவோ நார்டிஸ்க் 2024இல் கிளேட்டனில் 410 கோடி டாலர் விரிவாக்கத்தை அறிவித்தது. ஃப்யூஜிஃபில்ம் தன் ஹாலி ஸ்பிரிங்ஸ் ஆலைக்கு 2021இல் 200 கோடி, 2024இல் மேலும் 120 கோடி டாலர் என்று அறிவித்தது. அங்கே ஒவ்வொன்றும் 20,000 லிட்டர் கொள்ளும் பயோரியாக்டர்கள், அதாவது செல்களை வளர்க்கும் கலன்கள். ‘டர்ஹம் பயோடெக்’ என்று பேசும்போது பாதி வேலை டர்ஹம் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. வீடு பார்க்கும் முன்பே இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் விசா என்ன அனுமதிக்கிறது என்று பாருங்கள்

படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எஃப்-1 மாணவர் என்றால் படிப்பு முடிந்ததும் 12 மாதம் ஓ.பி.டி. எனும் வேலை அனுமதி; அறிவியல், பொறியியல் படிப்பானால் மேலும் 24 மாதம். அந்த 24 மாத நீட்டிப்புக்கு, வேலை தரும் நிறுவனம், பணியாளரின் வேலை உரிமையை அரசிடம் சரிபார்க்கும் இ-வெரிஃபை திட்டத்தில் இருக்க வேண்டும். வேலை உங்கள் படிப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்க முடியாது.

இங்கேதான் ஒரு முக்கியமான கண்ணி. எச்-1பி எனும் வேலை விசாவுக்கு, அந்த வேலைக்கே குறிப்பிட்ட துறையில் இளநிலைப் பட்டமாவது தேவைப்பட வேண்டும். உங்களிடம் பட்டம் இருப்பது மட்டும் போதாது. பள்ளிப்படிப்பு போதும் என்று அறிவிக்கப்படும் டெக்னீஷியன் வேலையில் சேர்ந்துவிட்டு, “பிறகு ஸ்பான்சர் செய்வார்கள்” என்று காத்திருப்பது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். ஸ்பான்சர் தேவைப்படுபவர்கள் தொடக்கத்திலிருந்தே தரப் பரிசோதனை அனலிஸ்ட், ப்ராசஸ் எஞ்சினியர், வேலிடேஷன், ப்ராசஸ் டெவலப்மென்ட் போன்ற வேலைகளைக் குறிவையுங்கள். டியூக், யு.என்.சி., என்.சி. ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி ஆண்டு ஒதுக்கீட்டுக் குலுக்கல் கிடையாது. அங்கே ஆய்வு உதவியாளராகத் தொடங்குவதும் ஒரு நல்ல வழி.

எச்-1பி வைத்திருப்பவரின் துணைவராக எச்-4 விசாவில் இருப்பவர்கள் படிக்கலாம், முழுநேரமாகவே படிக்கலாம். வேலை செய்ய இ.ஏ.டி. எனும் வேலை அனுமதி அட்டை வேண்டும். துணைவருக்கான ஐ-140 எனும் கிரீன் கார்டு மனு அனுமதிக்கப்பட்டிருந்தாலோ, அவருடைய எச்-1பி ஆறாண்டைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தாலோதான் அது கிடைக்கும். நிறுவன இடமாற்றத்தில் வந்தவர்களின் எல்-2 துணைவர்களுக்கு 2021 இறுதியிலிருந்து தனி அட்டை இல்லாமலே வேலை உரிமை உண்டு. எஃப்-1 மாணவரின் எஃப்-2 துணைவர் பகுதிநேரமாக மட்டுமே படிக்க முடியும்.

“சம்பளம் வேண்டாம், சும்மா அனுபவத்துக்கு லேபில் நிற்கிறேன்” என்று சொல்லும் எச்-4 நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை இலவசமாகச் செய்தாலும் அது வேலையாகவே கருதப்படலாம். குடிவரவு விதிகள் அடிக்கடி மாறுபவை. வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பணம் கொடுத்துப் பேசுவது நல்ல செலவு.

இ.ஏ.டி.யோ கிரீன் கார்டோ கையில் இருப்பவர்களுக்குப் பாதை எளிது. அவர்கள் டெக்னீஷியனாகவே நுழையலாம். உள்ளே போனபின் மேலே போகும் வழிகள் நிறைய உண்டு.

ஆலைக்குள் என்னென்ன வேலை?

புரத மருந்து தயாரிக்கும் ஆலையை மூன்று பகுதியாகப் பார்க்கலாம். முதலாவது ‘அப்ஸ்ட்ரீம்’: உறைநிலையில் இருக்கும் ஒரு சிறு குப்பிச் செல்களை உயிர்ப்பித்து, ஃபிளாஸ்க்கில் வளர்த்து, அதைக் கொஞ்சம் பெரிய கலத்துக்கு மாற்றி, கடைசியில் ஆயிரக்கணக்கான லிட்டர் பயோரியாக்டரில் விடுவது. உறைமோர் ஊற்றித் தயிர் தோய்ப்பதுபோலத்தான். ஆனால் வெப்பம், அமிலத்தன்மை, ஆக்சிஜன் எல்லாவற்றையும் இரவும் பகலும் கண்காணிக்க வேண்டும். இரண்டாவது ‘டவுன்ஸ்ட்ரீம்’: அந்தக் குழம்பிலிருந்து தேவையான புரதத்தை மட்டும் குரோமட்டோகிராஃபி, வடிகட்டல் மூலம் பிரித்தெடுப்பது. மூன்றாவது ‘ஃபில்-ஃபினிஷ்’: கிருமியற்ற சூழலில் குப்பிகளிலும் ஊசிகளிலும் நிரப்புவது. கண் மட்டும் தெரியும்படி உடையணிந்து, மெதுவாக அசைந்து, மணிக்கணக்கில் நிற்க வேண்டிய இடம். பொறுமைசாலிகளுக்கானது.

இவற்றைச் சுற்றித் தரப் பரிசோதனை, தர உறுதி, சரக்கு, பராமரிப்பு, ஆட்டோமேஷன். நம் ஊரில் இன்ஸ்ட்ருமென்டேஷன், இ.சி.இ., கெமிக்கல், மெக்கானிக்கல் படித்தவர்கள் “நமக்கும் பயோடெக்குக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஒதுங்குவதைப் பார்க்கிறேன். ஒதுங்காதீர்கள். டெல்டா-வி போன்ற கட்டுப்பாட்டு மென்பொருள் தெரிந்தவர், கருவிகளைச் சரிபார்த்துச் சான்றளிக்கத் தெரிந்தவர், சுத்த நீர் அமைப்பு தெரிந்தவர் இல்லாமல் எந்த ஆலையும் ஓடாது. புதிய ஆலை கட்டப்படும் ஊரில் முதலில் தேவைப்படுவதே இவர்கள்தான்.

ஆலை பிடிக்காதவர்களுக்கு, புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் மருத்துவப் பரிசோதனைத் (கிளினிக்கல் டிரயல்) துறை இருக்கிறது. ஐ.க்யூ.வி.யா.வின் தலைமையகம் டர்ஹமில். அதன் வேர் 1982இல் தொடங்கிய குயின்டைல்ஸ். பக்கத்தில் கேரி நகரில், 1976இலிருந்து இயங்கும் எஸ்.ஏ.எஸ். நிறுவனம். பரிசோதனைத் தரவுகளை அந்த மென்பொருளில் அலசும் வேலை இங்கே நம்மவர்களுக்கு நன்கு பழகிய பாதை. புள்ளியியலோ மருந்தியலோ படித்தவர்கள் யோசிக்கலாம்.

படிப்பு: எது, யாருக்கு?

எனக்குச் சொல்ல மிகவும் பிடித்த பகுதி இது. ஏனென்றால் இந்த ஊரின் உண்மையான பலம் இதுதான்.

பயோவொர்க் என்று ஒரு சான்றிதழ் வகுப்பு. 136 மணி நேரம். மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ் எனும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரிகளில் நடக்கிறது: டர்ஹம் டெக், ராலேயில் வேக் டெக், கிளேட்டனில் ஜான்ஸ்டன், சான்ஃபோர்டில் சென்ட்ரல் கரோலினா என்று பல இடங்கள். பள்ளிப்படிப்பு முடித்திருந்தால் போதும். பட்டப்படிப்புக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. பகல், மாலை, பாதி ஆன்லைன் எனப் பல வடிவங்கள் உண்டு. கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பாதுகாப்பு, அளவீடு, கிருமி நீக்கம், செயல்முறைக் கட்டுப்பாடு, ஆவணப்படுத்தல் இவைதான் பாடம். மூலக்கூறு உயிரியல் எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். இது ஆலையின் ஒழுக்கத்தைக் கற்பிக்கும் வகுப்பு. இங்குள்ள நிறுவனங்களின் தேவையைக் கேட்டே பாடத்திட்டம் அமைக்கப்பட்டது என்பதால், ஆளெடுப்பவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும்.

எம்.எஸ்சி. முடித்தவர் போய் இந்த வகுப்பில் உட்காருவதா என்று தயங்குபவர்கள் உண்டு. இந்தியாவில் படித்து, ஆலை அனுபவம் இல்லாமல், குழந்தை வளர்ப்பில் சில ஆண்டு இடைவெளியும் விழுந்து, இப்போது இ.ஏ.டி. கைக்கு வந்திருக்கிறதா? தயங்காமல் சேருங்கள். இரண்டாவது முதுநிலைப் பட்டத்துக்குப் பல்லாயிரம் டாலர் கட்டுவதைவிட இதுவே விரைவான வழி. முனைவர் பட்டம் பெற்றவருக்கும், ஏற்கெனவே ஆலையில் வேலை பார்த்தவருக்கும் இது தேவையில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கும் என்.சி. ஸ்டேட் மாணவர்களுக்கும் பி.டெக். எனும் பயிற்சி மையம். நம் ஊர் பி.டெக். பட்டம் அல்ல, ராலேயில் சென்டெனியல் வளாகத்தில் 2007இல் திறக்கப்பட்ட உயிர்மருந்து உற்பத்திப் பயிற்சிக்கூடம். நிஜ ஆலையைப் போலவே கட்டியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான லிட்டர் பயோரியாக்டரில் மாணவர்களே கைவைக்கலாம். அதைக் கட்டிய பணத்தில் பெரும்பங்கு கோல்டன் லீஃப் அறக்கட்டளையுடையது. சிகரெட் நிறுவனங்கள் 1998இல் மாநிலங்களோடு செய்த உடன்படிக்கைப்படி கட்டிய இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கொண்டு அமைந்த அறக்கட்டளை அது. புகையிலைப் பணம் மருந்து செய்யக் கற்றுக்கொடுக்கிறது என்பது எனக்கு எப்போதுமே மனநிறைவு தரும் செய்தி. என்.சி. ஸ்டேட்டில் முதுநிலை படிக்க வருபவர்கள், எந்தத் துறையானாலும், இங்குள்ள வகுப்புகளை விருப்பப் பாடமாக எடுக்க முடியுமா என்று முதல் செமஸ்டரிலேயே கேளுங்கள். வேலை பார்ப்பவர்களுக்கான சில நாள் வகுப்புகளும் உண்டு. கட்டணம் அதிகம், பெரும்பாலும் நிறுவனமே கட்டும். சொந்தக் காசில் போக வேண்டாம்.

டர்ஹமிலேயே இருக்கும் வட கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகத்தை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. 1910இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய கல்வி நிலையம். அங்குள்ள பிரைட் என்னும் ஆய்வு நிறுவனம் மருந்து அறிவியலில் நல்ல கூடங்களை வைத்திருக்கிறது. டியூக் பெயருக்கு மட்டும் ஓடாமல் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெஸ்யூமே, நேர்காணல்

ஒரு பக்கம். புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை எதுவும் வேண்டாம். “எச்.பி.எல்.சி. (கலவையைப் பிரித்தறியும் கருவி) தெரியும்” என்று மட்டும் எழுதாமல், எந்தக் கருவியில், எந்த மாதிரியை, எதற்காக ஓட்டினீர்கள் என்று எழுதுங்கள். சென்னை, ஓசூர், ஹைதராபாத், பெங்களூரு எங்காவது மருந்து ஆலையில் ஆறு மாதம் இருந்திருந்தாலும் அதை மேலே கொண்டு வாருங்கள். அங்கே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வு நடந்திருந்தால், அதில் உங்கள் பங்கு என்ன என்பதையும் சொல்லுங்கள். இங்கே மதிப்பு அதற்குத்தான்.

நேர்காணலில் நிச்சயம் வரும் கேள்வி: “வேலையின் நடுவே தவறு நேர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?” நம் ஊரில் வளர்ந்த நமக்கு, “எப்படியாவது சமாளித்து முடித்துவிடுவேன்” என்று சொல்லத் தோன்றும். மருந்து ஆலையில் அதுதான் ஆகாத பதில். நிறுத்துவேன், மேற்பார்வையாளரிடம் உடனே சொல்வேன், நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பது. ஜி.எம்.பி. எனும் நல்லுற்பத்தி நெறியின் அடிப்படை, எழுதப்படாதது நடக்கவே இல்லை என்பது. தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திருத்தி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். வெள்ளை மை, மேலெழுத்து, பின்தேதி எதுவும் கூடாது. செய்யும்போதே எழுத வேண்டும். மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து அல்ல. இதைச் சொந்த வார்த்தையில் ஓர் உதாரணத்தோடு விளக்க முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பல ஆலைகள் ஆளெடுப்பு ஏஜென்சி மூலம் ஆறு மாதமோ ஓராண்டோ ஒப்பந்தத்தில் எடுத்து, பிறகு நிரந்தரமாக்குகின்றன. ஒப்பந்த வேலையை இளப்பமாக நினைக்க வேண்டாம். ஆனால் மருத்துவக் காப்பீடு உண்டா என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள். எந்த ஏஜென்சியும் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஷிஃப்ட் பற்றி வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள். 12 மணி நேர ஷிஃப்ட் சாதாரணம். இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் விடுப்பு, மூன்று நாள் வேலை. அடுத்த வாரம் அப்படியே தலைகீழ். ஒன்றுவிட்டு ஒரு வாரக் கடைசி முழுதாகக் கிடைக்கும். ஆனால் காலை ஆறு, ஏழு மணிக்குத் தொடங்கும் ஷிஃப்டுக்கு, குழந்தைகள் காப்பகம் திறப்பதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். கணவன், மனைவி இருவரும் வேலை பார்க்கும் வீட்டில் இதைத் தீர்க்காமல் வேலைக்கு ஒப்புக்கொண்டால் முதல் மாதத்திலேயே திண்டாட்டம்.

ஆட்களைச் சந்திப்பது

வட கரோலினா பயோடெக்னாலஜி சென்டர் 1984இல் மாநில அரசு தொடங்கியது. ஆர்.டி.பி.யில் இருக்கிறது. நிறுவனங்களின் பட்டியலையும் வேலைவாய்ப்புச் செய்திகளையும் அதன் இணையதளத்தில் பாருங்கள். ஆலைப் பொறியியல் பக்கம் போகிறவர்கள் மருந்து ஆலைப் பொறியாளர்களுக்கான ஐ.எஸ்.பி.இ. அமைப்பின் கரோலினா கிளையில் மாணவர் உறுப்பினராகச் சேரலாம். ராலேயில் ஆண்டுதோறும் அவர்கள் நடத்தும் தொழில்நுட்பக் கூட்டத்தில் எல்லா ஆலைகளின் ஆட்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். இத்துறைப் பெண்களுக்கான விமன் இன் பயோ அமைப்புக்கும் இங்கே கிளை உண்டு. ஸ்டார்ட்அப் ஆசை இருந்தால், டர்ஹம் மெயின் தெருவில் பழைய செஸ்டர்ஃபீல்ட் சிகரெட் ஆலைக் கட்டடத்தில் இயங்கும் பயோலேப்ஸைப் பாருங்கள். சிறு நிறுவனங்கள் மேசை வாடகைக்கு எடுத்து ஆய்வு செய்யும் இடம்.

தமிழர் வட்டம் கேரி, மோரிஸ்வில் பக்கம். கரோலினா தமிழ்ச் சங்கம், கேரி வேங்கடேசுவரர் கோவில், மேஜர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்த மோரிஸ்வில் சர்ச் ஸ்ட்ரீட் பார்க் மைதானம். இங்கே கேட்டால் எந்த ஆலையிலும் யாரையாவது தெரிந்தவர் கிடைப்பார். ஆனால் முதல் சந்திப்பிலேயே ரெஸ்யூமேயை நீட்டாதீர்கள். “உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா, காபி என் செலவு” என்று கேளுங்கள். இந்த ஊரில் அப்படிக் கேட்பது வழக்கம்; பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். அந்தக் காபியை எங்கே குடிப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

வீடு, வண்டி

வேலை உறுதியாகும்வரை நீண்ட வாடகை ஒப்பந்தம் போடாதீர்கள். கிளேட்டனில் வேலை கிடைத்து டர்ஹமில் வீடு என்றால் நெரிசல் நேரத்தில் ஐ-40 நெடுஞ்சாலை உங்களைச் சோதித்துவிடும். 2024 செப்டம்பரில் 540 சுங்கச் சாலையின் தெற்குப் பகுதி திறந்தபின் ஹாலி ஸ்பிரிங்ஸுக்கும் கார்னருக்கும் இடையே போக்குவரத்து எளிதானது, சுங்கம் கட்டுவதற்கான என்.சி. க்விக் பாஸ் வாங்கி வையுங்கள். பேருந்து உண்டு, ஆனால் ஆலை ஷிஃப்டுக்கு அது உதவாது. ஓட்டுநர் உரிமத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கத் தாமதமாகும் என்பதால் வந்த முதல் வாரமே பதிவு செய்யுங்கள்.

ஊர்நடுவே சாப்பாடு

டர்ஹமின் டவுன்டவுன் உணவகங்கள் பெரும்பாலும் பழைய புகையிலைக் கட்டடங்களைச் சுற்றியே முளைத்தவை. அமெரிக்கன் டொபாக்கோ ஆலை 2004இல் அலுவலகங்களும் உணவகங்களுமாக மறுபிறவி எடுத்தது. லக்கி ஸ்ட்ரைக் தண்ணீர்த் தொட்டி இன்றும் அங்கே நிற்கிறது. பக்கத்திலேயே டர்ஹம் புல்ஸ் பேஸ்பால் மைதானம். பிரைட்லீஃப் ஸ்கொயர், 1904இல் கட்டிய செங்கல் புகையிலைக் கிடங்குகள். ஃபாஸ்டர் தெருவில், பழைய லிபர்ட்டி புகையிலைக் கிடங்கு இருந்த இடத்தில், 2020இல் டர்ஹம் ஃபுட் ஹால் திறந்தது. ஒரே கூரையின் கீழ் பல கடைகள். நான்கு பேர் நான்கு விதமாகச் சாப்பிட வேண்டிய குடும்பத்துக்கு ஏற்றது. கடைகள் மாறிக்கொண்டே இருக்கும். போகும் முன் பார்த்துவிட்டுப் போங்கள்.

அதற்கு எதிரே டர்ஹம் சென்ட்ரல் பார்க். சனிக்கிழமை காலை உழவர் சந்தை. புதிதாக வந்தவர்கள் முதல் சனிக்கிழமையே இங்கே போங்கள் என்பேன். வட கரோலினா அமெரிக்காவிலேயே சர்க்கரைவள்ளிக் கிழங்கு அதிகம் விளையும் மாநிலம். கோடையில் வெண்டைக்காய், கத்திரிக்காய், காராமணி வகைகள் எல்லாம் மண் வாசனையோடு கிடைக்கும். ஆண்டில் சில ஞாயிறுகளில் அதே பூங்காவில் உணவு வண்டிகள் கூடும் விழாவும் உண்டு.

முன்னே சொன்ன காபிச் சந்திப்புக்கு கோக்கோ சின்னமன் நல்ல இடம். மசாலாப் பொருள்களை உணர்ந்து பயன்படுத்துவார்கள். பாரிஷ் தெருவில் லோஃப் பேக்கரியின் ரொட்டிக்காகவே போகலாம். அந்தத் தெருவில் நிற்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: கறுப்பின மக்கள் 1898இல் தொடங்கிய நார்த் கரோலினா மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனத்தைச் சுற்றி, அவர்களுடைய வங்கியும் வணிகமும் தழைத்த தெரு அது. ‘பிளாக் வால் ஸ்ட்ரீட்’ என்று பெயர் பெற்றது. பின்னாளில் நெடுஞ்சாலை போடுவதற்காக அவர்கள் வாழ்ந்த ஹேட்டி பகுதி இடிக்கப்பட்டது. 147ஆம் சாலையில் நாம் இன்று வேகமாக ஆர்.டி.பி.க்குப் போவது அந்த வீடுகள் இருந்த இடத்தின் மேல்தான்.

இரவு விருந்துக்கு மாத்தேயோ. 2012இலிருந்து இருக்கும் ஸ்பானிய உணவகம். சிறு தட்டுகளாக வருவதால் சைவர்கள் பொறுக்கியெடுத்துச் சாப்பிடலாம். 2023இல் வந்த லிட்டில் புல், மெக்சிகோ வேர்கொண்ட சமையல். இந்திய வாசம் வேண்டுமென்றால் டவுன்டவுனில் வைஸ்ராய். தோசை, பொங்கல் தேடுபவர்கள் மோரிஸ்வில், கேரி பக்கமே போக வேண்டும். டவுன்டவுனில் அதை எதிர்பார்க்காதீர்கள். ஆர்.டி.பி.யில் வேலை பார்ப்பவர்களுக்கு மதிய உணவுக்கு பாக்ஸ்யார்ட். 2021இல் திறந்தது, கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டிய இடம்.

சைவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். இந்த ஊர் பார்பிக்யூ என்றால் பெரும்பாலும் பன்றி. மாநிலத்தின் கிழக்கே முழுப் பன்றியை வாட்டி, வினிகரும் மிளகாயும் சேர்ப்பார்கள். மேற்கே தோள்கறியும் தக்காளி சேர்ந்த சாறும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்குப் பிரச்சினை குறைவு; பன்றி தவிர்க்கும் இஸ்லாமிய நண்பர்களோடு போகும்போது கவனம். காலர்ட் கீரையும் பீன்ஸும் பார்க்கச் சைவமாக இருக்கும். உள்ளே பன்றி எலும்போ கொழுப்போ போட்டு வேகவைத்திருப்பார்கள். “வெஜிடேரியனா?” என்று மட்டும் கேட்காமல், “இறைச்சிச் சாறு, பன்றிக் கொழுப்பு ஏதாவது உண்டா?” என்று கேளுங்கள். பிமென்டோ சீஸ் (சிவப்பு மிளகாய் சேர்த்த சீஸ் கலவை), வறுத்த வெண்டைக்காய், கிரிட்ஸ் (சோளரவைக் கஞ்சி) ஆகியவற்றில் சைவர்களுக்கு வாய்ப்பு உண்டு. சாலையோரத்தில் ‘பாயில்டு பீநட்ஸ்’ பலகை கண்டால் நிறுத்துங்கள். நம் அவித்த கடலையேதான், தோலோடு உப்பு நீரில் வேகவைத்தது.

உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். பரிமாறுபவர்களின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான் என்பதால், அதைக் கட்டணத்தின் ஒரு பகுதியாகவே கணக்கில் வையுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம். புல்ஸ் ஆட்டம் நடக்கும் நாளில் அமெரிக்கன் டொபாக்கோ பக்கம் கார் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம்.

வீடு மாற்ற ட்ரக் வாடகைக்கு எடுத்தால், பிரைட்லீஃப் அருகே கிரெக்சன் தெருவில் உள்ள ரயில் பாலத்தின் பக்கம் போகவே வேண்டாம். பல ஆண்டுகள் 11 அடி 8 அங்குல உயரத்தில் நின்று எண்ணற்ற ட்ரக்குகளின் கூரையைச் சீவிய பாலம் அது. 2019இல் 12 அடி 4 அங்குலமாக உயர்த்திய பிறகும் மோதல்கள் நிற்கவில்லை. வாடகை ட்ரக்கின் உயரம் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே எழுதியிருக்கும். சாவியை வாங்கியதும் அதைப் படித்துவிட்டு வழியைத் தீர்மானியுங்கள்.